சூரைக்கு அடுக்களையில் ஓர் இடம்

தெற்கு அந்தமானின் சௌல்தாரியிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் மீன் வாங்கிச் சமைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



இந்த மடல் ஒரு மீனுக்காகப் பரிந்து பேச வருகிறது. அந்த மீன் சூரை. வஞ்சிரத்தைக் கண்டால் விலை கேட்கும் கை, களவாவைக் கண்டால் நின்றுவிடும் கால், சூரையைக் கண்டால் மட்டும் நகர்ந்து போய்விடுகிறது. ‘கறுப்புக் கறி’, ‘ரத்த வாடை’, ‘உடம்புக்குச் சூடு’, ‘அரிக்கும்’ என்று பல வீடுகளில் அதற்குத் தலைமுறை தலைமுறையாகக் கெட்ட பெயர். அந்தப் பெயரில் பாதி நியாயமானது. மீதிப் பாதிக்குச் சூரை பொறுப்பில்லை, அதைக் கரைசேர்த்த விதம்தான் பொறுப்பு. சௌல்தாரி அடுக்களைகள் இதைப் புரிந்துகொண்டால் நாக்குக்கும் ஆதாயம், பவளப்பாறைக்கும் ஆதாயம்.

முதலில் தீவைச் சுற்றியிருக்கும் கடலின் கணக்கைப் பார்க்கலாம். அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சுற்றி இந்தியாவுக்கு உரிமையான பொருளாதாரக் கடற்பரப்பு ஏறக்குறைய 6 லட்சம் சதுர கிலோமீட்டர். நாட்டின் மொத்தக் கடல் உரிமையில் இது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். இந்தக் கடலிலிருந்து ஆண்டுக்கு 1.48 லட்சம் டன் மீன் பிடிக்கலாம் என்று மீன்வளத் துறையின் மதிப்பீடுகள் சொல்கின்றன. அதில் ஏறக்குறைய 60,000 டன் ஆழ்கடல் சூரை இனங்கள். உண்மையில் ஆண்டுதோறும் பிடிபடும் எல்லா மீனையும் கூட்டினாலும் அந்த 1.48 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு தேறாது. சூரையின் பங்கோ மிகச் சொற்பம். கரையோரத்துப் பாறைகளில் தூண்டிலும் வலையும் நெருக்கியடிக்க, வெளிக்கடலில் பெருங்கூட்டமாகத் திரியும் மீன் அப்படியே கடந்து போகிறது. 2024 நவம்பரில் ஸ்வராஜ் த்வீப்பில் மத்திய மீன்வளத் துறை முதலீட்டாளர் கூட்டம் நடத்தியதும் இந்தச் சூரையை முன்வைத்துத்தான். ஏற்றுமதிக்கான திட்டங்கள் வரட்டும். ஆனால் தீவுக்காரரே தட்டில் வைக்காத மீனுக்குத் தீவின் சின்னப் படகுக்காரர் ஏன் டீசல் செலவழித்து வெளிக்கடலுக்குப் போக வேண்டும்? படகு எந்தத் திசையில் போவது என்பதை ஊருக்குள் மீன் வாங்குகிறவர்களும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்கள்.

சூரை ஓயாமல் நீந்தும் பிறவி. நீந்துவதை நிறுத்தினால் செவுள் வழியே தண்ணீர் ஓடாது, மூச்சு முட்டிவிடும். அந்த ஓயாத உழைப்புக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். அதனால்தான் தசை முழுக்க ரத்தம் ஏறி, மாட்டிறைச்சி போலச் சிவந்து கிடக்கிறது. இன்னொன்று, பெரும்பாலான மீன்களுக்கு உடம்பின் சூடும் கடல்நீரின் சூடும் ஒன்றாக இருக்கும். சூரையின் தசை மட்டும் சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். தூண்டிலில் மாட்டித் துள்ளும்போது அந்தச் சூடு இன்னும் ஏறும். இப்படிச் சூடான உடம்போடு படகில் விழும் மீனை வெயிலில் போட்டுவைத்தால் என்ன ஆகும்? அதன் சதையில் இயல்பாகவே மிகுதியாக இருக்கும் ஹிஸ்டிடின் என்ற பொருளைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவப்பது, உடம்பு அரிப்பது, தலைவலிப்பது எல்லாம் இதன் வேலை. ஒருமுறை உண்டாகிவிட்ட ஹிஸ்டமின், கொதிக்கவைத்தாலும் வறுத்தாலும் போகாது. ‘சூரை அரிக்கும்’ என்று பாட்டிமார் சொன்னது அனுபவ உண்மை. ஆனால் அவர்கள் வாங்கியது ஐஸ் காணாத சூரை. பிடித்த உடனே ரத்தம் வடித்து, குடல் செவுள் எடுத்து, ஐஸுக்குள் புதைத்த சூரைக்கு இந்தப் பழி சேராது. அயிலைக்கும் சாளைக்கும் இதே குணம் உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவற்றையும் ஐஸ் இல்லாமல் வாங்கக்கூடாது.

தமிழரின் நாக்குக்குச் சூரை அந்நியமும் இல்லை. கன்னியாகுமரிக் கடற்கரையில் சூரையும், அங்கே கேரை என்று சொல்லும் மஞ்சள் துடுப்புச் சூரையும் மதிப்பான மீன்கள். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் நாள்கணக்கில் கடலில் தங்கிப் பிடித்துவரும் மீன்களில் அவை முக்கியமானவை. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசிக் கருவாடு சூரைதான். உப்புநீரில் வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் கட்டையாகக் காயவைப்பது. லட்சத்தீவின் மினிக்காய் தீவில் அந்த மாசிக்கென்றே ஒரு வாழ்க்கைமுறை இருக்கிறது. அங்கே சின்னச் சின்ன இரைமீன்களை உயிரோடு கடலில் இறைத்து, மேலே வரும் சூரைக் கூட்டத்தை மூங்கில் கழித் தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகில் போடுகிறார்கள். ஒரு தூண்டில், ஒரு மீன். ஆமையோ, ஓங்கிலோ, சுறாவோ கூடவே சிக்கிச் சாவது மிக அரிது. அண்டை நாடான மாலத்தீவு இதே முறையில் வரிச்சூரை பிடிக்கிறது. 2012இல் அந்த மீன்பிடிப்புக்கு கடல்வளம் குன்றாமல் பிடிப்பதற்கான எம்.எஸ்.சி. என்ற உலகச் சான்று கிடைத்தது. இந்தியாவில் அந்தச் சான்றை முதலில் பெற்றது கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுப்பவர்கள். அது 2014இல்.

சரி, சந்தைக்குப் போகலாம். ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறினாலும் பலர் வாயில் இன்னும் போர்ட் பிளேராகவே இருக்கும் நகரத்தின் ஜங்லிகாட் துறையில் இறங்கும் மீன், ஊர்ச் சந்தைகளுக்கும் வீட்டு வாசலுக்கும் வந்துசேரும்போது பல மணி நேரம் ஆகியிருக்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது ஐஸை. அதன் பிறகுதான் மீனை. பெட்டி மூடியைத் திறந்ததும் மீன் மேலும் ஐஸ் கீழுமாக இருந்தால் பாதி மீன் காற்றில் கிடந்து வந்திருக்கிறது என்று பொருள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், அதுவும் நொறுக்கிய ஐஸ், மீனை மூடியிருக்க வேண்டும்.

சூரையில் வகை பார்க்கத் தெரிந்துகொள்வது நல்லது. வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் நாலைந்து கருங்கோடுகள் ஓடினால் அது வரிச்சூரை. முதுகில் நெளிநெளியான கோலமும், மார்புத் துடுப்புக்குக் கீழே சில கரும்புள்ளிகளும் இருந்தால் கரையோரத்துச் சூரை. துடுப்பும் வால் அருகேயுள்ள குட்டித் துடுப்புகளும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் கேரை. மூன்றிலும் வரிச்சூரைக்கே இந்த மடலின் முதல் ஓட்டு. ஒன்று, ஒன்றரை வயதுக்குள் முட்டையிடத் தொடங்கிவிடும். ஆண்டு முழுக்கப் பெருகும். இந்தியப் பெருங்கடலில் அதன் கூட்டம் இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கிறது.

பிறகு கை வேலை. செவுள் மூடியை ஒரு விரலால் நெம்பித் தூக்குங்கள். உள்ளே செம்பருத்திச் சிவப்பில், பூவிதழ் போலப் பிரிந்து நின்றால் நல்ல மீன். பழுப்பேறி, வழவழவென்று ஒட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம். முதுகுச் சதையைக் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழ வேண்டும். வயிற்றுப் பக்கம் தொளதொளத்து, விலா முள் சதையை விட்டுப் பிரிந்து தெரிந்தால் குடலோடு நெடுநேரம் கிடந்திருக்கிறது. மோந்து பாருங்கள், கடல் வாடை அடிக்கலாம், புளித்த வாடை அடிக்கக்கூடாது. கண்ணை மட்டும் நம்பி வாங்குவது சரியில்லை. ஆழத்திலிருந்து தூக்கிய களவாவுக்கும் செப்பிலிக்கும் அழுத்த வேறுபாட்டால் கண் பிதுங்கியிருக்கும். ஐஸ் நேராகப் பட்ட மீனுக்குக் கண் வெளுத்திருக்கும். இரண்டும் புதிய மீனாகவே இருக்கலாம். வெட்டிய துண்டமாகச் சூரை விற்றால், சதையின் சிவப்பு தெளிவாக இருக்கிறதா, அதில் எண்ணெய் வானவில் போலப் பச்சை மினுக்கம் ஓடுகிறதா என்று பாருங்கள். பச்சை மினுக்கமும் பழுப்பும் சேர்ந்திருந்தால் விட்டுவிடுவது மேல்.

மீனை எப்படிப் பிடித்தார்கள் என்பதையும் மீனே சொல்லும். இது பலரும் கவனிக்காத ஒன்று. செவுளுக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி நூல் அறுத்த தடம் வளையமாக இருந்தால் செவுள்வலையில் மாட்டியது. வலையில் மாட்டி மணிக்கணக்கில் நீருக்குள்ளேயே செத்துக் கிடந்த மீனின் சதை மிருதுவாகிவிடும். வாயோரத்தில் மட்டும் கிழிசல் இருந்து, செதில் குலையாமல் இருந்தால் தூண்டில் மீன். அது உயிரோடு படகேறியது. இரண்டும் ஒரே விலை என்றால் தூண்டில் மீனைக் கேட்டு வாங்குங்கள். ‘ஹூக் மச்லி’ என்று இந்தியில் கேட்டாலும் சரி, தமிழில் கேட்டாலும் சரி, இரண்டு வாரம் கேட்டால் விற்பவர் மூன்றாவது வாரம் தனியாக எடுத்துவைப்பார்.

களவாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ருசியில் அதற்கு ஈடு சொல்வது கடினம். வெள்ளை வெளேரென்ற கட்டிச் சதை, முள் குறைவு, குழம்பில் உடையாது. வெளிநாட்டுச் சந்தையும் இதைக் கண்டுகொண்டது. தீவுகளின் களவாக்கள் ஐஸ் பெட்டியில் விமானமேறி, சென்னை வழியாக வெளிநாடு போகின்றன. சிக்கல் அதன் வாழ்க்கையில் இருக்கிறது. களவா வகைகளில் பெரும்பாலானவை பெண்ணாகப் பிறந்து வளர்ந்து, பல ஆண்டுகள் முட்டையிட்டு, பெரிதான பிறகு ஆணாக மாறுகின்றன. ஆகவே ஒரு பாறையில் உள்ள பெரிய மீன்களையெல்லாம் பிடித்தால் ஆண்கள் ஒழிகின்றன. தட்டு அளவுக் குட்டிகளைப் பிடித்தால் முட்டையிடவிருக்கும் பெண்கள் ஒழிகின்றன. இனப்பெருக்கத்துக்கு அவை குறிப்பிட்ட இடத்தில், நிலவின் கணக்குப்படி கூட்டமாகக் கூடும் பழக்கமும் உண்டு. அந்த இடம் தெரிந்த படகுக்கு ஒரே இரவில் பாறையையே காலி செய்துவிட முடியும். மனித உயரத்துக்கும் மேல் வளரும் ராட்சதக் களவாவுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே இடம் உண்டு. அதைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மற்ற களவாக்களைச் சட்டம் தடுக்கவில்லை. இந்த மடலும் தடுக்கவில்லை. கல்யாணம், திருவிழா, ஊரிலிருந்து விருந்தாளி என்று வரும்போது வாங்கும் மீனாக அது இருக்கட்டும். வாரம்தோறும் குழம்புக்கு வேண்டாம்.

கிளி மீன் விஷயத்தில் இந்த நெகிழ்ச்சிகூட வேண்டியதில்லை. கிளியின் அலகு போல் பல் சேர்ந்த வாயும் பச்சை நீல உடம்புமாக இருக்கும் அது, பவளப்பாறை மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று வாழ்கிறது. 2010 கோடையில் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவு வெளுத்தன. 2016இல் மறுபடி வெளுத்தன. 2024 ஏப்ரலில், உலகம் முழுக்கப் பவளங்கள் நான்காவது முறையாக வெளுத்துக்கொண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். வெளுத்துச் செத்த பாறையை ஒரே ஆண்டில் பாசி மூடிவிடும். மூடிவிட்டால் புதுப் பவளக் குஞ்சு உட்கார இடமில்லை. அந்த இடத்தைச் சுத்தம் செய்து கொடுப்பது கிளி மீன். வண்டூரில் 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவின் 281.5 சதுர கிலோமீட்டருக்குள் அதைத் தொட முடியாது. பூங்காவுக்கு வெளியே அதைக் காப்பாற்ற உங்கள் பை மட்டுமே இருக்கிறது. பவளத்தோடுதான் சங்கராவும் செப்பிலியும் இறாலும் வருகின்றன. கிளி மீனின் சதை ஒன்றும் அத்தனை விசேஷமும் இல்லை.

அடுத்தது சுறா. இதைச் சொல்வது வீட்டுப் பெரியவர்களின் மனத்தைத் தொடும் விஷயம் என்பதால் பொறுமையாகச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுறாப் புட்டு கொடுப்பது தமிழ்நாட்டிலிருந்து தீவுக்கு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த பழக்கம். அதில் தாய்மேல் உள்ள அக்கறை இருக்கிறது. அந்த அக்கறையைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் சுறா உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் மீன். அது தின்ற ஒவ்வொரு மீனின் பாதரசமும் அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். பெரிய சுறாவில் அது மிக அதிகம். கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பட்டியல் போட்டே சொல்கிறது. அதே பட்டியலில் சாளையும், டப்பாவில் வரும் வரிச்சூரையும் நல்லவை என்ற வரிசையில் இருக்கின்றன.

கடலின் பக்கமிருந்து பார்த்தாலும் கணக்கு கவலை தருகிறது. 2017 ஜனவரி முதல் 2018 மே வரை ஜங்லிகாட்டிலும் பர்மாநாலாவிலும் இறங்கிய சுறா, திருக்கைகளை ஆய்வாளர்கள் எண்ணினார்கள். 36 வகைச் சுறாவும் 21 வகைத் திருக்கையும் பதிவாயின. அதிகம் வந்த சுறாக்களில் ஒன்று, உலகளவில் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2019இல் பட்டியலிடப்பட்ட கொம்பன் சுறா. சுறா ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீன் இல்லை. அந்த ஆய்வில் மிக அதிகமாக வந்த சின்னச் சுறா வகையே ஓர் ஈற்றுக்கு இரண்டு முதல் நான்கு குட்டிதான் போடும். துடுப்பு ஏற்றுமதியை 2015இலேயே இந்தியா நிறுத்திவிட்டது. 2022இல் திருத்திய வனவிலங்குச் சட்டம் இன்னும் பல சுறா, திருக்கை வகைகளைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. வெட்டித் தோலுரித்த துண்டத்தைப் பார்த்து அது எந்த வகை என்று சந்தையில் எவராலும் சொல்ல முடியாது.

புட்டு மட்டும் போக வேண்டியதில்லை. வரிச்சூரையில் செய்தால் அருமையாக வரும். நடு முள்ளை ஒட்டி இருபுறமும் ஓடும் கருஞ்சிவப்புச் சதையைக் கத்தியால் கீறி எடுத்துவிடுங்கள். ரத்த வாடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. மீதியை மஞ்சள், உப்பு, கொஞ்சம் புளித்தண்ணீர் சேர்த்து வேகவைத்து, ஆறியதும் விரலால் உதிருங்கள். சுறாவைப் போலவே இழை இழையாகப் பிரியும். நிறைய சின்ன வெங்காயம், அதைவிடத் தாராளமாகப் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டு ஈரம் வற்றும்வரை கிளறி, கடைசியில் மிளகுத்தூளும் இரண்டு கைப்பிடித் தேங்காய்ப்பூவும். சௌல்தாரியில் தேங்காய்க்குப் பஞ்சமா என்ன. பூண்டும் மிளகும் பால் சுறாப் புட்டில் எந்த அளவோ அந்த அளவே. பிள்ளை பெற்றவளுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் மற்றவர்களும் கேட்பார்கள்.

சாளையும் நெத்திலியும் அயிலையும் நல்ல மீன்கள் என்பது சொல்லாமலே புரியும். தீவுச் சந்தையில் தாரிணி என்று கூவினால் சாளை இனம்தான். மலிவு, வேகமாய்ப் பெருகுவது, உடம்புக்கு நல்ல கொழுப்பு நிறைந்தது. ஒரே எச்சரிக்கை அளவு பற்றியது. 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி, அதாவது சாளை, கண்ட கேரளம், 2021இல் 3,297 டன்னில் வந்து நின்றது. கடல் வெப்பமும் காரணம், முட்டையிடும் முன்னரே குஞ்சுகளை அள்ளியதும் காரணம். அந்த மாநிலம் மீனுக்கு மீன் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்துச் சட்டம் போட்டது. மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14. இந்த இரண்டு அளவையும் மனத்தில் வைத்துக்கொண்டால் சந்தையில் போதும். அரை மீட்டருக்குக் குறைந்த வஞ்சிரமும் குட்டிதான், விலை மலிவென்று தூக்காதீர்கள். சிங்கி இறாலில் வயிற்றடியில் முட்டைக் கொத்து தொங்கினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்றுமதிக்கு 2003 முதல் வகைவாரியாக எடைக் கட்டுப்பாடு இருக்கிறது. பெரிய வகை ஒன்றுக்கு 500 கிராம். ஏற்றுமதியில் கழித்த குட்டி உள்ளூர்ச் சட்டியில் வந்து விழக்கூடாது.

சௌல்தாரிக்காரர்களுக்குக் கடல் போலவே ஓடையும் முக்கியம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் முதலான இடங்களில் நெல் விளைந்த தாழ்நிலத்தில் கடல்நீர் நிரந்தரமாக ஏறி நின்றுகொண்டது. வயலை இழந்த வலி அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். அந்த உவர்நீரில் மடவையும் கொடுவாவும் இறாலும் சேற்று நண்டும் வந்து குடியேறின. காராச்சர்மாவில் உள்ள மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இப்படி மூழ்கிய நிலங்களில் உவர்நீர் மீன் வளர்ப்பை முயன்று பார்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீருயிரி வளர்ப்பு மையம் சேற்று நண்டுக் குஞ்சைப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்கிறது. அந்தக் குஞ்சு கிடைத்தால் அலையாத்திக் காட்டில் குட்டி நண்டைத் தேடிப் பிடிக்க வேண்டிய அவசியம் குறையும்.

நண்டு வாங்கும்போது கையில் எடை பார்ப்பது மிக முக்கியம். அண்மையில் ஓடு கழற்றிய நண்டு பார்வைக்குப் பெரிதாக இருக்கும், உள்ளே சதைக்குப் பதில் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணி நண்டை வாங்கினால் காசும் வீண், ஒரு மாதம் விட்டிருந்தால் தேறியிருக்கும் நண்டும் வீண். ஒரே அளவில் இரண்டைத் தூக்கிக் கனமானதை எடுங்கள். வயிற்று மடல் குறுகி முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். பெண் நண்டு முட்டையிடக் கடலுக்குப் போயாக வேண்டும். கூடுமானவரை ஆணையே கேளுங்கள், அதன் கொடுக்கில் சதையும் அதிகம். இன்னொரு சங்கதி, மீன் கழிவையும் குடலையும் ஓடையில் கொட்டாதீர்கள். லோஹாபராக் முதலைச் சரணாலயம் இதே பகுதியின் மேற்குக் கரையில்தான் இருக்கிறது. கழிவு விழும் இடத்துக்கு முதலை வழி பழகிக்கொள்ளும். அந்த ஓடையில்தான் பிள்ளைகள் கால் கழுவுகிறார்கள். தென்னை மூட்டில் குழி வெட்டிப் புதையுங்கள், மரத்துக்கு நல்ல உரம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரைக்கும் இந்தத் தீவுகளுக்கும் சேர்த்து விசைப்படகு மீன்பிடித் தடை. அந்தக் காலத்தில் சின்னப் படகுகளின் தூண்டில் மீனும், ஓடை மடவையும், வளர்ப்பு மீனும் கிடைக்கும். அப்போது பெரிய மீன்கள் சந்தையில் குவிந்தால் எப்போது பிடித்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்பது உங்கள் உரிமை. 2018 ஜூனில் கேரளத்தின் ஆரியங்காவு சோதனைச் சாவடியில் ஃபார்மலின் கலந்ததாக ஏறக்குறைய 9,600 கிலோ மீன் பிடிபட்டதும் தடைக்காலத்துத் தட்டுப்பாட்டை ஒட்டித்தான். ஈ மொய்க்காத மீன், விறைத்த உடம்பு, வாடையே இல்லாத செவுள் மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்படுங்கள். கொச்சியில் உள்ள மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சோதனைக் கிட், தாள் பட்டையை மீன்மேல் தேய்த்து நிமிடங்களில் ஃபார்மலினைக் காட்டிவிடும். பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒன்று வாங்கிவைக்கச் சொல்லி நீங்கள் எழுதிக் கேட்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சூரை பெரிய மீன், அதை ஒரு குடும்பம் முழுதாக வாங்க முடியாது. துண்டு போட்டு நெடுநேரம் வெளியில் வைத்து விற்கிறார்கள், பாதிக் கெடுதி அங்கேதான் நடக்கிறது. எட்டுப் பத்து வீடுகள் சேர்ந்து, வழக்கமாக வரும் மீன்காரரிடம் முன்னாளே சொல்லிவைத்து, ஐஸில் புதைத்த சூரையை முழுசாக வரவழையுங்கள். வரிச்சூரை என்றால் இரண்டு வீட்டுக்கு ஒன்று போதும், கேரை என்றால் ஒரே மீனில் ஊர்க்கோடி வரை பங்கு வைக்கலாம். வீட்டு முற்றத்தில் தென்னை ஓலை விரித்து, பக்கத்தில் ஐஸ் வாளி வைத்துக்கொண்டு வெட்டுங்கள். முதுகுச் சதை வறுவலுக்கு, வயிற்றுக் கொழுப்புச் சதை புளிக்குழம்புக்கு. குழம்பு காரமாகவும் புளிப்பாகவும் இருக்கட்டும், மறுநாள் காலைப் பழையதுக்கு இன்னும் நன்றாகச் சேரும். தலையை இரண்டாகப் பிளந்து, கன்னச் சதையோடு ரசம் வைக்கத் தெரிந்த வீட்டுக்குக் கொடுங்கள். அன்றைக்கே சமைக்க முடியாத பங்கை உப்பு மஞ்சள் பூசி உடனே ஃபிரிட்ஜின் உறைபெட்டிக்குள் வையுங்கள். மின்சாரம் அடிக்கடி போகும் வீடு என்றால் அந்தப் பங்கை வேகவைத்துப் புகைபோட்டு மாசியாக்கிவிடுங்கள். சம்பலுக்கு மாதக்கணக்கில் வரும். அடுத்த முறை மீன்காரர் ஜங்லிகாட்டில் ஏலம் கேட்கும்போது சௌல்தாரிக்கென்று ஒரு சூரையைக் கேட்கட்டும்.

அன்புடன்,
தீவு மீனை விரும்பி உண்ணும் ஒரு தமிழ் எழுத்தாளர்